ஆபரேஷனுக்கு அப்புறம் ஃபிட்ஸ்: ரத்தத்தை நிறுத்துற ஊசிதான் காரணமா?

இந்த தடவை வந்த கடிதங்கள்ல நிறைய பேர் ஒரே மருந்தைப் பத்திதான் கேட்டிருக்கீங்க. டிரானெக்ஸாமிக் ஆசிட். ஆபரேஷன்ல, பிரசவத்துல, விபத்துல ரத்தம் ரொம்ப போகாம இருக்க போடற ஊசி, மாதவிடாய் அதிகமா போறவங்களுக்கு மாத்திரையாவும் குடுக்கறது. அதனால மத்த கடிதங்களை அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டு இதையே முழுசா எடுத்துக்கிட்டேன். நான் மயக்க மருந்து டாக்டர், இந்த ஊசியை அடிக்கடி போடறவ, அதனால இதுல எனக்கு சொல்ல நிறையவே இருக்கு.

கேள்வி: டாக்டர் மேடம் வணக்கம். அப்பாவுக்கு 68 வயசு, இதயத்துல வால்வு மாத்துற ஆபரேஷன் பண்ணாங்க, நல்லபடியா முடிஞ்சதுன்னு சொன்னாங்க, நாங்களும் நிம்மதியா இருந்தோம், ஆனா அன்னிக்கு ராத்திரியே ஐசியுல கை கால் வெட்டி வெட்டி இழுத்து ஃபிட்ஸ் வந்திருக்கு. அதுவரைக்கும் அவருக்கு ஒரு தடவை கூட வந்ததே இல்ல. ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைங்கறாங்க. ரத்தம் போகாம இருக்க குடுத்த மருந்தால இருக்கலாம்னு ஒரு டாக்டர் சொன்னார். ரத்தத்துக்கு குடுக்கற மருந்து மூளையில போய் எப்படி ஃபிட்ஸ் வரவைக்கும்? இனிமே அப்பா வலிப்பு நோயாளியா? காலம் பூரா மாத்திரை போடணுமா?

பதில்: தம்பி, உங்களுக்கு தூக்கம் வராம பண்ற கேள்வி கடைசி கேள்விதான்னு புரியுது, அதுக்கே முதல்ல வர்றேன். இந்த மருந்தால வர்ற ஃபிட்ஸ் வலிப்பு நோய் இல்ல. பெரும்பாலும் ஆபரேஷன் முடிஞ்ச முதல் சில மணி நேரத்துல, ஒரு தடவையோ ரெண்டு மூணு தடவையோ வந்துட்டு, மருந்து உடம்பை விட்டு வெளியேறினதும் நின்னுடும். ஸ்கேன்ல பக்கவாதம், ரத்தக்கசிவு எதுவும் இல்லைங்கறது பெரிய நல்ல செய்தி. இப்போ குடுக்கற ஃபிட்ஸ் மாத்திரையை எப்ப நிறுத்தலாம்னு நரம்பியல் டாக்டர் சொல்வார், பல பேருக்கு கொஞ்ச நாள்லயே நிறுத்திடுவாங்க. ஆனா நீங்களா நிறுத்திடாதீங்க, அது மட்டும் வேண்டாம்.

இப்போ எப்படி வருதுன்னு பாப்போம். இந்த மருந்து ரத்தத்தை உறைய வைக்கறதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அப்படி இல்ல. காயம் பட்ட இடத்துல உடம்பே ஃபைப்ரின்னு ஒரு நார் வலையை பின்னி ரத்தத்தை கட்டி வைக்கும், அதே உடம்புல அந்த வலையை கரைக்கற வேலையும் பிளாஸ்மின்னு ஒண்ணால நடந்துக்கிட்டே இருக்கும், பெரிய ஆபரேஷன்ல, அதுலயும் இதய நுரையீரல் மெஷின்ல ரத்தம் சுத்தி வர்றப்போ, இந்த கரைக்கற வேலை ரொம்ப அதிகமாயிடும். வலையில இருக்கற லைசின்ங்கற அமினோ அமிலத்தை பிடிச்சுதான் கரைக்கற ஆள் வலையில ஒட்டும். டிரானெக்ஸாமிக் ஆசிட் பாக்கறதுக்கு லைசின் மாதிரியே இருக்கற ஒரு சின்ன மூலக்கூறு, அது முன்னாடியே போய் அந்த பிடியில உக்காந்துக்கும், கரைக்கற ஆளுக்கு ஒட்ட இடம் கிடைக்காது. அவ்வளவுதான் அதோட வேலை.

சிக்கல் என்னன்னா அதே சின்ன மூலக்கூறு கிளைசின், காபாங்கற இன்னும் ரெண்டு பேருக்கும் உருவத்துல சொந்தக்காரன். மூளையிலயும் தண்டுவடத்துலயும் நரம்பு செல்லுங்க எல்லை மீறி துள்ளாம அடக்கி வைக்கற ரசாயனங்கள் இவங்க ரெண்டு பேரும்தான். ரத்தத்துல மருந்து அதிகமா இருந்தா கொஞ்சம் மூளை தண்டுவட நீருக்குள்ள போகும், போய் கிளைசின் உக்கார வேண்டிய இடத்தை அடைச்சுக்கும், பிரேக் பெடலுக்கு அடியில ஒரு கட்டை மாட்டிக்கிட்ட மாதிரி, மிதிச்சாலும் பிடிக்காது. அடக்க ஆள் இல்லாம நரம்பு செல்லுங்க எல்லாம் ஒண்ணா துடிக்க ஆரம்பிச்சா அதுதான் ஃபிட்ஸ்.

சரி, ஆபரேஷன் நடக்கும்போது வராம ராத்திரி ஏன் வந்தது? எனக்கு ரொம்ப முக்கியமா படற விஷயம் இது. டொரண்டோ ஆராய்ச்சியாளர்கள் 2012ல இதைத்தான் காட்டினாங்க. நாங்க குடுக்கற மயக்க மருந்துகள், ஐசோஃப்ளூரேன், புரோபோஃபால் மாதிரி, அந்த கிளைசின் பிரேக்கை பலப்படுத்தறவை, அதனால ஆபரேஷன் நடக்கற வரைக்கும் ரெண்டும் சமமா இருந்துடும். ஆபரேஷன் முடிஞ்சதும் மயக்க மருந்தை நிறுத்திடுவோம், அது சீக்கிரமே இறங்கிடும், ஆனா டிரானெக்ஸாமிக் ஆசிட்டோட அளவு மூளை தண்டுவட நீர்ல உச்சத்துக்கு போறதே டிரிப்பை நிறுத்தினதுக்கு அப்புறம்தான். பாதுகாப்பு போற நேரமும் மருந்து ஏற்ற நேரமும் ஒண்ணா வந்துடுது. அதனாலதான் உங்கப்பாவுக்கு ஐசியுல வந்திருக்கு. அந்த நேரத்துல மிடாசோலம், புரோபோஃபால் மாதிரி மருந்து குடுத்திருப்பாங்க, காரணம் இதேதான், அவை மூளையோட பிரேக்கை திரும்ப பிடிக்க வைக்கும்.

வால்வு ஆபரேஷன்னு எழுதியிருக்கீங்க. இதயத்தோட அறையை திறந்து செய்யற ஆபரேஷன்கள்ல இது அதிகமா வருதுன்னு பல ஆய்வுகள்ல பாத்திருக்காங்க. வயசு கூடினவங்க, கிட்னி சரியில்லாதவங்க, முன்னாடி பக்கவாதமோ வேற நரம்பு பிரச்சனையோ இருந்தவங்க, எல்லாத்துக்கும் மேல அதிக டோஸ் வாங்கினவங்க, இவங்களுக்குதான் ரிஸ்க். ஆனா ஒண்ணு, இந்த மருந்துதான் காரணம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி பக்கவாதம், ரத்தக்குழாய்ல காத்துக் குமிழி போனது, சோடியம், சர்க்கரை, கால்சியம் குறைஞ்சது இதையெல்லாம் பாத்து இல்லைன்னு உறுதி பண்ணணும். உங்க டாக்டர்கள் ஸ்கேன் எடுத்தது சரியான காரியம். அப்பா முழிப்பு சரியா வராம மந்தமா இருந்தா ஈஈஜி, அதாவது மூளையோட மின் அலையை பதிவு பண்ற டெஸ்ட், எடுத்தாங்களான்னு கேளுங்க, சில ஃபிட்ஸ் கை கால் இழுக்காமலே மூளைக்குள்ள மட்டும் ஓடும். ஃபிட்ஸ் வந்தவங்களுக்கு சில நாள் குழப்பம், சம்பந்தமில்லாம பேசறது எல்லாம் கூட வரலாம், ஐசியுல ஒண்ணு ரெண்டு நாள் கூட இருக்க வேண்டி வரலாம், பக்கத்துல யாராவது தெரிஞ்ச குரல் இருந்து பேசிக்கிட்டே இருங்க. டிஸ்சார்ஜ் சம்மரியில இந்த மருந்து பேரையும், எவ்வளவு குடுத்தாங்கங்கறதையும், ஃபிட்ஸ் வந்ததையும் எழுதச் சொல்லி வாங்கி வச்சுக்கோங்க, அடுத்த ஆபரேஷன்னு ஒண்ணு வந்தா அந்த மயக்க மருந்து டாக்டருக்கு அதைவிட உபயோகமான தகவல் இருக்காது.

கேள்வி: ஃபிட்ஸ் வரவைக்கும்னு தெரிஞ்சும் ஏன் இந்த மருந்தை குடுக்கறீங்க? தடை பண்ணிட வேண்டியதுதானே? ரத்தம் போனா ரத்தம் ஏத்திக்கலாமே.

பதில்: உங்க கோபம் எனக்கு புரியுது, ஆனா இதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். இந்த மருந்து எத்தனை உயிரை காப்பாத்தியிருக்குன்னு தெரிஞ்சா நீங்களும் அப்படி கேக்க மாட்டீங்க. ஜப்பான்ல உட்டாகோ ஒகமோட்டோன்னு ஒரு அம்மா, கணவர் ஷோசுகேவோட சேர்ந்து 1962ல இதை கண்டுபிடிச்சாங்க, பிரசவத்துல ரத்தம் போய் பெண்கள் சாகறதை தடுக்கணுங்கறதுதான் அவங்களோட ஆசை. அது பலிக்குதுன்னு பெருசா நிரூபிச்சது 2017ல வெளிவந்த உமன் ஆய்வு, 20,000க்கும் மேல பெண்கள், 21 நாடுகள், ரத்தப்போக்கால இறந்தவங்க 1.9 சதவீதத்துலேர்ந்து 1.5 ஆச்சு, 3 மணி நேரத்துக்குள்ள போட்டவங்கள்ல இன்னும் நல்ல பலன். முந்தின வருஷம்தான் அந்த அம்மா காலமானாங்க, இதை நினைச்சா எனக்கு இன்னிக்கும் மனசு கனத்துடும். விபத்துல அடிபட்டவங்களுக்கு 2010ல வந்த கிராஷ்-2 ஆய்வுலயும் 20,000க்கும் மேல ஆளுங்க, மொத்த இறப்பு 16 சதவீதத்துலேர்ந்து 14.5.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, பிரசவத்துல குடுக்கறது 1 கிராம், நிக்கலைன்னா இன்னொரு கிராம். விபத்துக்கு 1 கிராம், அப்புறம் 8 மணி நேரத்துல மெதுவா இன்னொரு கிராம். இந்த அளவுல ஃபிட்ஸ் கூடலை. தலையில அடிபட்டவங்களுக்கு மூளை ஏற்கனவே ரணமா இருக்கும், அவங்களை வச்சு பண்ண கிராஷ்-3 ஆய்வுல கூட, 12,000 பேருக்கு மேல, மருந்து வாங்கினவங்களுக்கும் வாங்காதவங்களுக்கும் ஃபிட்ஸ் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் இருந்தது.

இதய ஆபரேஷன் கதை வேற. முன்னாடி அங்க மாட்டு நுரையீரல்லேர்ந்து எடுக்கற அப்ரோட்டினின்னு ஒரு மருந்து ரொம்ப ஓடிக்கிட்டிருந்தது. 2006லயே அது மேல சந்தேகம் கிளம்பிச்சு, அப்புறம் கனடாவுல நடந்த பார்ட் ஆய்வுல அதை வாங்கினவங்கள்ல 30 நாளைக்குள்ள 6 சதவீதம் பேர் இறந்தாங்க, டிரானெக்ஸாமிக் ஆசிட் வாங்கினவங்கள்ல 3.9. 2007 நவம்பர்ல அப்ரோட்டினின் விற்பனையை நிறுத்தினாங்க, பின்னாடி ஐரோப்பாவுலயும் கனடாவுலயும் சில கட்டுப்பாட்டோட திரும்ப அனுமதிச்சது தனி கதை. அந்த காலியிடத்துக்கு எல்லாரும் டிரானெக்ஸாமிக் ஆசிட்டுக்கு வந்தாங்க, வந்தவங்க சில இடங்கள்ல ரொம்ப பெரிய டோஸ் குடுத்தாங்க. ஒரு கனடா ஆஸ்பத்திரி குழு 2010ல எழுதினாங்க, பெரிய டோஸுக்கு மாறினதும் ஆபரேஷனுக்கு அப்புறம் ஃபிட்ஸ் 1.3 சதவீதத்துலேர்ந்து 3.8 ஆயிடுச்சுன்னு. அப்போதான் எல்லாரும் முழிச்சுக்கிட்டோம்.

2017ல வந்த அட்டகாஸ் ஆய்வுல உடம்பு எடையில கிலோவுக்கு 100 மில்லிகிராம்னு ஆரம்பிச்சாங்க, 60 கிலோ ஆளுக்கு 6 கிராம், பிரசவத்துல போடறதோட ஆறு மடங்கு. ஃபிட்ஸ் பயத்துல நடுவுலயே அதை பாதியாக்கினாங்க. கடைசியில மருந்து வாங்கினவங்கள்ல 0.7 சதவீதம் பேருக்கு ஃபிட்ஸ், வாங்காதவங்கள்ல 0.1. ஆனா ரத்தம் ஏத்த வேண்டிய தேவையும், ரத்தக்கசிவுக்காக நெஞ்சை திரும்ப திறக்க வேண்டிய நிலைமையும் நல்லாவே குறைஞ்சது. ரத்தம் ஏத்திக்கலாமேன்னு நீங்க சொல்றது அவ்வளவு லேசான விஷயம் இல்ல, நெஞ்சை ரெண்டாவது தடவை திறக்கறது அதைவிட பெரிய ஆபத்து. இதய ஆபரேஷன்ல எவ்வளவு குடுக்கறதுங்கறதுல இன்னும் எங்களுக்குள்ள வாக்குவாதம் இருக்கு. சீனாவுல 3,000 பேரை வச்சு பண்ண ஆய்வு 2022ல வந்தது, அதிக டோஸ்ல ரத்தம் ஏத்தினவங்க 21.8 சதவீதம், குறைஞ்ச டோஸ்ல 26, ஃபிட்ஸ் 1 சதவீதம், 0.4 சதவீதம். அதிக டோஸ் வேணுங்கறவங்க முதல் நம்பரை காட்டுவாங்க, நான் ரெண்டாவதை பாக்கற ஆளு. பெருசா ரத்தம் போக வாய்ப்பில்லாத ஒரு நேரான பைபாஸுக்கு, அதுவும் வயசானவங்களுக்கு, பெரிய டோஸ் தேவையே இல்லைங்கறது என் கருத்து.

கேள்வி: அம்மாவுக்கு சுகர், கிட்னி கொஞ்சம் வீக்குன்னு சொல்லியிருக்காங்க. அடுத்த மாசம் முட்டி மாத்து ஆபரேஷன். அதுலயும் இந்த ஊசி போடுவாங்களாமே, வேண்டாம்னு எழுதி குடுத்துடலாமா?

பதில்: வேண்டாம்னு எழுதி குடுக்காதீங்கம்மா, விவரத்தை சொல்லுங்க போதும். இந்த மருந்து கிட்டத்தட்ட முழுக்க, சுமார் 95 சதவீதம், மாறாம அப்படியே சிறுநீர்லதான் வெளியேறும். கிட்னி நல்லா இருந்தா ரத்தத்துல இருக்கற அளவு ரெண்டு மணி நேரத்துல பாதியாயிடும், கிட்னி வீக்குன்னா தேங்கி நிக்கும், அடுத்த டோஸ் அதுக்கு மேல சேரும். டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு சாதாரண அளவுலயே கை கால் துள்ளல், ஃபிட்ஸ் வந்ததா பதிவுகள் இருக்கு.

இதய ஆபரேஷன் இல்லாத மத்த ஆபரேஷன்களுக்கு 2022ல பாய்ஸ்-3ன்னு 9,535 பேர் ஆய்வு வந்தது, ஆரம்பத்துல 1 கிராம், முடிவுல 1 கிராம். ஃபிட்ஸ் 0.2 சதவீதம்தான், பெரிய ரத்தக்கசிவு 11.7லேர்ந்து 9.1 ஆச்சு. அதனால முட்டி ஆபரேஷனுக்கு பயப்பட வேண்டியதில்ல, ஆனா அம்மாவோட கிரியாட்டினின் ரிப்போர்ட்டை மயக்க மருந்து டாக்டர் கையில குடுங்க, வயசு எடையோட சேர்த்து கிட்னியோட வேகத்தை அதாவது ஈஜிஎஃப்ஆர் கணக்கு போட்டு பாத்தாங்களான்னு கேளுங்க. ஒல்லியா இருக்கற வயசானவங்களுக்கு கிரியாட்டினின் பேப்பர்ல நார்மல் மாதிரியே தெரியும், உள்ள கிட்னி பாதி வேகத்துலதான் ஓடிக்கிட்டிருக்கும். முன்னாடி கால்ல, நுரையீரல்ல ரத்தக்கட்டி வந்திருந்தாலும், எப்பவோ ஒரு தடவை ஃபிட்ஸ் வந்திருந்தாலும் மறைக்காம சொல்லுங்க. சின்ன வயசுல காய்ச்சல்ல வந்ததுதானேன்னு விட்டுடாதீங்க, அதை கணக்குல எடுக்கறதா வேண்டாமான்னு அவங்க முடிவு பண்ணட்டும்.

கேள்வி: அக்கா எனக்கு மாதவிடாய் ரொம்ப அதிகம், டிரானெக்ஸாமிக் மாத்திரை குடுத்திருக்காங்க. ஸ்கூல் படிக்கும்போது ஃபிட்ஸ் வந்து மாத்திரை போட்டு நிறுத்தி பத்து வருஷமாச்சு. இப்ப இதை போடலாமா?

பதில்: தங்கச்சி, மாத்திரை அளவுல ஃபிட்ஸ் வர்றது ரொம்ப அபூர்வம். ஒரு வேளைக்கு 1 கிராம்னு நாளைக்கு மூணு வேளை, ரத்தப்போக்கு இருக்கற நாலஞ்சு நாள் மட்டும்தான், அதுவும் குடல்லேர்ந்து ரத்தத்துக்கு பாதிக்கும் குறைவாதான் போய் சேரும். ஆனாலும் முன்னாடி வலிப்பு வந்தவங்களுக்கு குடுக்க வேண்டாம்னு பிரிட்டன்ல மருந்து குறிப்பிலேயே போட்டிருக்காங்க. அதனால அடுத்த மாத்திரைக்கு முன்னாடி உங்க டாக்டருக்கு இந்த விஷயத்தை சொல்லிடுங்க, அவங்களுக்கு தெரியாம இருந்திருக்கலாம். ஹார்மோன் காயில், வேற மாத்திரைன்னு மாற்று வழி இருக்கு. கருத்தடை ஹார்மோன் மாத்திரை ஏற்கனவே போடறீங்கன்னா அதையும் சேர்த்து சொல்லுங்க, அது ஃபிட்ஸுக்காக இல்ல, ரத்தக்கட்டிக்காக.

கேள்வி: நான் ஆபரேஷன் தியேட்டர்ல ஸ்டாஃப் நர்ஸ். முதுகுல போடற மரத்துப்போற ஊசிக்கு பதிலா டிரானெக்ஸாமிக் ஆசிட்டை போட்டுட்டாங்கன்னு ஒரு இடத்துல நடந்ததா கேள்விப்பட்டதுலேர்ந்து பயமா இருக்கு மேடம். அது அவ்வளவு ஆபத்தா?

பதில்: ஆமா சிஸ்டர், மேல சொன்ன எல்லாத்தையும் விட இதுதான் ஆபத்து, இதை கேட்டதுக்கு உங்களுக்கு நன்றி சொல்றேன். நரம்பு வழியா, அதாவது ரத்தக்குழாய்ல, போடற ஊசியில ரொம்ப கொஞ்சம்தான் மூளை தண்டுவட நீருக்குள்ள போகும்னு சொன்னேன் இல்லையா, முதுகுல போட்டா மொத்த மருந்தும் நேரா அந்த நீருக்குள்ளயே போயிடுது. ஆம்பூல்ல 1 மில்லியில 100 மில்லிகிராம் இருக்கு, ஸ்பைனலுக்கு ரெண்டு மூணு மில்லி போடுவோம், அப்படின்னா 200, 300 மில்லிகிராம் நேரா தண்டுவடத்துக்கு. கொஞ்ச நிமிஷத்துல இடுப்பு, புட்டம், காலெல்லாம் தாங்க முடியாத வலி, அப்புறம் கால்ல துள்ளல், அது மேல ஏறி முழு உடம்பு ஃபிட்ஸ், பிபி எகிறி, இதயத்துடிப்பு தாறுமாறாகி நின்னும் போகலாம். 2019ல வந்த ஒரு தொகுப்புல அதுவரைக்கும் பதிவான 21 பேரை பாத்தாங்க, 10 பேர் இறந்திருந்தாங்க. 2020 டிசம்பர்ல அமெரிக்க மருந்து நிர்வாகமும், 2022 மார்ச்ல உலக சுகாதார நிறுவனமும் எச்சரிக்கை விட்டாங்க. அதுலயும் சிசேரியனுக்கு வந்த, எந்த நோயும் இல்லாத சின்ன வயசு அம்மாக்கள் இப்படி போறது எனக்கு தாங்கவே முடியாத விஷயம்.

காரணம், முதுகுல போடற மரத்துப்போற மருந்தான புபிவகெயினோட ஆம்பூலும் இதுவும் பல கம்பெனியில அளவும் நிறமும் ஒரே மாதிரி, உள்ள இருக்கறதும் தண்ணி மாதிரி தெளிவு, ரெண்டும் ஒரே டிரேயில பக்கத்துல பக்கத்துல கிடக்கும். அவசர சிசேரியன்ல ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தர் உடைச்சு குடுப்பாங்க, இன்னொருத்தர் உறிஞ்சுவாங்க, லேபிளை ரெண்டு பேருமே பாக்காம போயிடறாங்க. கவனமா இருங்கன்னு போஸ்டர் ஒட்டறதுல எனக்கு நம்பிக்கை இல்ல, களைச்சுப்போன மனுஷங்க கவனத்தை நம்பி இதை விடவே கூடாது. டிரானெக்ஸாமிக் ஆசிட்டை மயக்க மருந்து டிராலியிலேர்ந்தே எடுத்துடுங்க, வேற அலமாரி, முடிஞ்சா அந்த ரூமுக்கு வெளியில. அது தேவைப்படறது ரத்தம் போக ஆரம்பிக்கறப்போ, ஸ்பைனல் போடற நேரத்துல அது மேஜை மேல இருக்க வேண்டிய வேலையே இல்ல. சில நாடுகள்ல 1 கிராமை 100 மில்லி சலைன்ல கலந்தே பையா விக்கறாங்க, அது கிடைச்சா வாங்க சொல்லி உங்க பார்மசியை நச்சரிங்க, பையை யாரும் முதுகு ஊசின்னு நினைக்க மாட்டாங்க. ஸ்பைனல் மருந்தை உடைக்கும்போது பேரை சத்தமா படிங்க, போடற டாக்டரும் தன் கண்ணால லேபிளை பாத்தப்புறம்தான் உறிஞ்சணும், ஆம்பூலை ஆபரேஷன் முடியற வரைக்கும் தூக்கி போடாதீங்க. இப்ப வந்திருக்கற தனி வாய் வச்ச ஸ்பைனல் சிரிஞ்சு இதை தடுக்காது, தப்பான ஆம்பூல்லேர்ந்தும் அது உறிஞ்சிடும்.

ஸ்பைனல் போட்டப்புறம் கால் மரத்துப்போகாம வலிக்குதுன்னு ஒருத்தங்க கத்தினா, அடுத்த ஊசி போடறதுக்கு முன்னாடி குப்பையில இருக்கற ஆம்பூலை எடுத்து பாருங்க. தப்பு நடந்திருந்தா அந்த நிமிஷமே சொல்லுங்க, யார் பண்ணதுங்கறது அப்புறம். புரோபோஃபாலோ ஆவி மயக்க மருந்தோ குடுத்து முழு மயக்கத்துக்கு கொண்டு போறது, மெக்னீசியம், தண்டுவட நீரை கொஞ்சம் கொஞ்சமா எடுத்து சலைன் விட்டு அலசறதுன்னு பண்ணி பிழைக்க வச்சிருக்காங்க, ஆனா அதெல்லாம் சீக்கிரம் கண்டுபிடிச்சவங்களுக்குதான்.

கேள்வி: நரம்புல போடாம, இதயத்தை சுத்தி காயத்துலயே நேரா ஊத்திட்டா ஃபிட்ஸ் வராதாமே?

பதில்: குறையும், ஆனா விலை குடுக்கணும். இதை சோதிச்ச டெபொசிஷன் ஆய்வு 2024ல வந்தது, 3,000க்கும் மேல இதய ஆபரேஷன் நோயாளிகள். நேரா ஊத்தினவங்கள்ல ஃபிட்ஸ் 0.2 சதவீதம், நரம்புல போட்டவங்கள்ல 0.7. ஆனா ஊத்தினவங்களுக்கு ரத்தம் ஏத்த வேண்டி வந்தது அதிகம், அதனாலயே ஆய்வை முன்கூட்டியே நிறுத்திட்டாங்க. இப்போதைக்கு நரம்பு வழியா, குறைஞ்ச டோஸ்ல, கிட்னியை பாத்து குடுக்கறதுதான் என் கைவழி.